சிவப்பு லீவர்

ஹந்தானை மலையிலிருந்து இறங்கும்போது பைக்கோடு நான் விழுந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. யாராவது பார்த்திருந்தால் செய்தி எப்படியும் வீட்டுக்கு வந்திருக்கும். நாலு நாள் திட்டு வாங்கியிருப்பேன், ஐந்தாம் நாள் எல்லாரும் மறந்திருப்பார்கள். யாரும் பார்க்காததால் அது என்னோடு மட்டும் தங்கிவிட்டது.

பைக் வாங்கி அப்போது ஐந்து மாதம். இருநூற்றைம்பது சிசி, பந்தய பைக்கின் சாயலில் முன்னால் குனிந்து ஓட்டுகிற வகை. யாரோ பாவித்ததுதான் என்றாலும் நீல நிறம் புதிது போல மின்னும். கண்டி டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது என் வேலை. வத்தேகமயிலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டு போய் வந்தவனுக்கு அந்த பைக் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காற்று வாங்கலாம் என்று தனியாக ஹந்தானைக்கு ஏறினேன். மழை விட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. பைன் மரத்து ஊசி இலைகள் ரோட்டில் ஊறிக் கிடந்தன. இறங்கும்போது ஒரு வளைவில் முன் பிரேக்கைப் பிடித்தேன். அவ்வளவுதான். முன் சக்கரம் சட்டென்று இல்லாமல் போனது. பைக் இடது பக்கமாகப் படுத்து, என்னையும் இழுத்துக்கொண்டு ரோட்டோரக் கல் வரை சறுக்கிப் போய் நின்றது. கல்லுக்கு அந்தப் பக்கம் தேயிலை மலை நேராகக் கீழே இறங்கியது.

முழங்கையில் சிராய்ப்பு. கிளட்ச் லீவர் முறிந்திருந்தது. பைக்கின் இடது பக்க பிளாஸ்டிக் மூடி முழுக்கக் கோடு கோடாகத் தேய்ந்திருந்தது. தூக்கி நிறுத்த மூன்று தடவை முயன்றேன். முதல் இரண்டு தடவையும் அது திரும்பப் படுத்தது.

வீட்டில் மனைவியிடம், கடைக்குப் பின்னால் நிறுத்தியிருந்தபோது ஒரு ஓட்டோ இடித்துத் தள்ளிவிட்டது என்றேன். அவள் அந்த ஓட்டோக்காரனைத் திட்டினாள். நானும் சேர்ந்து திட்டினேன். மூன்று நாள் முழுக்கைச் சட்டை போட்டேன்.

கிளட்ச் லீவரை மாற்றிக்கொண்டு வேலைக்கு ஓட்டிப் போன முதல் நாளே தெரிந்துவிட்டது, நான் பழைய ஆள் இல்லை என்று. வளைவு வரும் முன்பே தோள்கள் இறுகிவிடும். போக வேண்டிய பாதையைப் பார்க்காமல், விழப்போகும் இடத்தையே கண் தேடும். பொல்கொல்லைப் பாலத்துக்குத் திரும்பும் இடத்தில் பின்னால் வந்த வேன்காரன் ஹோர்ன் அடித்தே என்னை ஓரங்கட்டினான். கடையில் போய் லென்ஸைக் கையில் எடுத்தால் விரல் நிற்கவில்லை. அன்று ஒரு லென்ஸைக் கெடுத்தேன். எட்டு வருட வேலையில் அப்படி நடந்தது குறைவு.

மறுநாள் பஸ்ஸில் போனேன். ஏன் என்று மனைவி கேட்டபோது வாயில் வந்தது இதுதான்: "பைக்குக்குக் கொஞ்சம் பார்ட்ஸ் போடணும். அது வரட்டும்."

சொன்ன பொய்யை மெய்யாக்க வேண்டுமே என்று முதல் பார்ட்ஸைத் தேடினேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஃபோனில் வீடியோக்கள் பார்த்தேன். எங்கோ ஒரு நாட்டில் யாரோ விழுந்ததையும், விழுந்த பிறகு எது உடைந்தது, எது தப்பியது என்பதையும் விவரமாகக் காட்டினார்கள். ரேடியேட்டருக்குக் கம்பி வலை ஏன் வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது: முன்னால் போகும் லொறியின் டயர் ஒரு கல்லைத் தெறித்தால் போதும், தண்ணீர் கொட்டி எஞ்சின் இறுகிவிடும். பிரேக் லீவருக்கு வெளியே ஒரு காப்பு வளையம் ஏன் என்றும் தெரிந்தது: பக்கத்தில் உரசிப் போகும் வாகனம் லீவரில் பட்டால் பிரேக் தானாகப் பிடித்து ஆளைத் தலைகீழாக வீசும். இதையெல்லாம் அதற்கு முன் நான் நினைத்ததே இல்லை. வாங்க நினைத்த ஒவ்வொரு பாகமும் எனக்குப் புதிதாக ஒரு விபத்தைச் சொல்லிக்கொடுத்தது. அதை வாங்கி மாட்டினால் அந்த ஒரு விபத்து அடங்கும். அடுத்த நாள் இன்னொன்று வரும்.

எங்கள் பக்கத்தில் பைக் வேலை தெரிந்தவர் மடவளையில் கராஜ் வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் இருப்பார். பைக்கை மெதுவாக, முதல் கியரிலேயே, அவரிடம் கொண்டுபோனேன். முதலில் கேட்டது ஃபிரேம் ஸ்லைடர். எஞ்சினுக்கு இரு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும் தடித்த பிளாஸ்டிக் உருளைதான் அது. பைக் விழும்போது முதலில் அதுவே தரையைத் தொடும்.

"ரெண்டு விதமா ஈக்கு தம்பி," என்றார் நானா. "நீளமானது நல்லா காப்பாத்தும். ஆனா சறுக்குற நேரம் எங்கயாச்சும் கல்லுல கொழுவி மாட்டினா பைக்க தூக்கி அடிச்சிரும். கட்டையானது கொழுவாது, ஆனா கொஞ்சம் மூடி தேயும். எது போடுற?"

"எது நல்லது நானா?"

"விழாம ஈக்கிறதுதான் நல்லம்," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு நாள் யோசித்துக் கட்டையானதைப் போட்டேன். போட்ட பிறகும், நீளமானதைப் போட்டிருக்கலாமோ என்று மூன்று நாள் யோசித்தேன்.

நானா இன்னொன்றும் சொன்னார். "இதெல்லாம் பைக்க காப்பாத்துற சாமான் தம்பி. ஆள காப்பாத்துறது டயரும் பிரேக்கும்தான். காசு செலவழிக்கிறதுண்டா அங்க செலவழிங்க." அதையும் கேட்டேன். ஈர ரோட்டைப் பிடிக்கக்கூடிய டயர் இரண்டும் போட்டேன். ரேடியேட்டர் வலை, லீவர் காப்பு, பெற்றோல் தாங்கிக்கு முழங்கால் வழுக்காத ரப்பர் ஒட்டு, எனக்கு முழங்கால் கவசம், விரல் மூட்டில் தடிப்பு வைத்த கையுறை. இரண்டரை மாதத்தில் பைக் முன்னைவிட அழகாகிவிட்டது. வீட்டுப் பக்கத்துத் தகரக் கொட்டகைக்குள் படுதாவால் மூடி வைத்தேன். மாலையில் வந்து படுதாவை விலக்கிப் பார்ப்பேன், துடைப்பேன், திரும்ப மூடுவேன்.

"பொண்ணுக்கு நகை போட்டு வீட்டுக்குள்ளயே வச்சிருக்கிற மாதிரி இருக்கு," என்றாள் மனைவி.

அவளுக்கு இது விளையாட்டு. நானாவுக்கு அப்படியில்லை. கடைசியாகப் போன அன்று அவர் குனிந்து, ஓடிய தூரம் காட்டும் மீட்டரைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, டயர் போட்டு எவ்ளோ நாள்?"

"ஒரு மாசம் இருக்கும் நானா."

"மீட்டர் அப்பிடியே ஈக்கே. ஓடுறல்லையா?"

வேலை அதிகம், நேரமில்லை என்று ஏதோ சொன்னேன். அவர் மேலே கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் என்னைச் சுட்டது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே கூச்சமாக இருந்தது.

அதனால்தான் சிவப்பு லீவரை நானே மாட்டினேன். முன் பிரேக்குக்கான லீவர் அது. குட்டையானது, விரலுக்கு ஏற்றபடி தூரத்தை மாற்றிக்கொள்ளலாம், விழுந்தால் முறியாமல் மடங்கும். ஒன்லைனில் எடுத்தேன். என் பைக்குக்குப் பொருந்தும் என்று போட்டிருந்தது. ஒரே ஒரு ஆணிதான். பழையதைக் கழற்றிப் புதியதை வைத்து இறுக்கினேன். விரல் பட்டதும் பிரேக் பிடித்தது. பழைய லீவரில் முதலில் கொஞ்சம் சும்மா ஆடும், அதன் பிறகுதான் பிடிக்கும். இதில் அந்த ஆட்டமே இல்லை. எவ்வளவு கூர்மையான பிரேக் என்று சந்தோஷப்பட்டேன்.

அந்த வாரம் மடுல்கெல்லையில் என் மாமியார் குசினியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும். ஞாயிறு என்றால் அந்த ரோட்டில் பஸ் இரண்டோ மூன்றோதான்.

"ஏங்க, பைக்ல போயிருவமா?" என்றாள் மனைவி.

"மழை வரும் போல இருக்கு..."

"பங்குனி வெயில் காயுது. பார்ட்ஸெல்லாம்தான் போட்டாச்சே. இன்னும் என்ன வரணும்?"

இன்னும் வர வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை. அந்த நேரத்தில் வாயைத் திறந்து, எனக்குப் பயமாக இருக்கிறது என்று மூன்று சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஹெல்மட்டை எடுத்துக் கொடுத்தேன்.

ஏறும்போது பிரேக்குக்கு வேலை குறைவு. பன்வில தாண்டி மேலே போகப்போக அவள் பின்னாலிருந்து ஏதோ பேசிக்கொண்டே வந்தாள். நான் "ம்" மட்டும் சொன்னேன். கையுறைக்குள் உள்ளங்கை நனைந்துவிட்டது. மாமியார் ஒற்றைக் கையாலேயே ரொட்டி சுட்டு, சம்பல் வைத்துக் கொடுத்தார். எனக்கு இறங்கவில்லை. இனி இறங்க வேண்டிய வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

இரண்டரை மணிக்குப் புறப்பட்டபோது மலை முழுக்க மிஸ்ட் மூடியிருந்தது. இருபது அடிக்கு மேல் ரோடு தெரியவில்லை. பயந்தவன் எப்படி ஓட்டுவானோ அப்படி ஓட்டினேன். ஒவ்வொரு வளைவுக்கும் வெகு முன்பே பிரேக், வளைவுக்குள்ளும் பிரேக், நேர் ரோட்டிலும் பிரேக். இரண்டு மைல் போயிருப்போம். இறக்கத்தில் பைக் தானாக ஓட வேண்டும், ஆனால் எக்சலேட்டர் கொடுத்தால்தான் நகர்ந்தது. அதை முதலில் நான் நல்லதாகத்தான் எடுத்துக்கொண்டேன். மெதுவாகப் போகிறதே என்று.

"என்னமோ கருகுற வாசம் வருதுங்க," என்றாள்.

"தோட்டத்துல எதையாவது எரிக்கிறாங்க."

சொல்லும்போதே லீவரைத் தொட்டேன். கல் மாதிரி இருந்தது. அழுத்த இடமே இல்லை. அடுத்த வளைவு கொண்டை ஊசி. அதன் நடுவில், நான் பிரேக்கைத் தொடாமலேயே, முன் சக்கரம் இறுகி பைக் நின்றது. வேகம் ஒன்றும் இல்லாததால் விழவில்லை. இரண்டு காலையும் ஊன்றித் தாங்கிக்கொண்டேன்.

"இறங்கு," என்றேன்.

"ஏன் நிப்பாட்டினீங்க?"

"நான் நிப்பாட்டல. இறங்கு."

அவள் இறங்கினாள். தள்ளிப் பார்த்தேன். பின்னால் இழுத்துப் பார்த்தேன். முன் சக்கரம் ரோட்டோடு ஒட்டிவிட்டது போல இருந்தது. நூற்று அறுபது, எழுபது கிலோ எடை. வளைவின் நட்ட நடுவில், மிஸ்டுக்குள் நிற்கிறது. அப்போது மேலே எங்கோ பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. இந்த ரோட்டில் பஸ்காரர்கள் வளைவுக்கு முன் ஹோர்ன் அடிப்பார்களே தவிர வேகத்தைக் குறைக்க மாட்டார்கள்.

"பஸ் வருது!" என்றாள்.

"நீ ஓரத்துக்குப் போ. மேட்டுல ஏறு!"

அவள் மேட்டில் ஏறவில்லை. தலையிலிருந்த ஹெல்மட்டைக் கழற்றிக் கையில் பிடித்து வீசிக்கொண்டு, பஸ் வரும் திசையில் மேலே ஓடினாள். வெள்ளை மிஸ்டுக்குள் போய் மறைந்தாள். அவளைக் கூப்பிட்டேன். இரண்டாவது ஹோர்ன் இன்னும் கிட்டத்தில் கேட்டது. பைக்கை விட்டுவிட்டு நானும் ஓடியிருக்க வேண்டும். ஆனால் கைகள் ஹேண்டிலை விடவில்லை. அந்தச் சில நொடிகள் என் வாழ்க்கையில் எவ்வளவு நீளம் என்று அளக்க எனக்குத் தெரியவில்லை. கண்ணுக்குள் ஒரே ஒரு படம்தான் ஓடியது. அதை இன்றும் எழுத மனம் வரவில்லை.

பிரேக் கிறீச்சிட்டது. பிறகு ஒரு அமைதி. பிறகு அவள் குரல், யாரிடமோ கத்திப் பேசுவது.

பஸ் கொண்டக்டர் முதலில் ஓடி வந்தார். "மொகத உனே மல்லி?" என்றார். என்ன ஆயிற்று தம்பி என்று சிங்களத்தில் கேட்டார். சக்கரத்தைக் காட்டினேன். பின்னால் வந்த மூன்று பயணிகளும் அவரும் சேர்ந்து பைக்கின் முன்பக்கத்தை அப்படியே தூக்கி, ஒரு அகலமான புல் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். முன் சக்கரத்து டிஸ்க்கில் விழுந்த மிஸ்டின் நீர்த்துளி ஒன்று சீறி ஆவியானது.

மனைவி வந்து என் முன்னால் நின்றாள்.

"இத விட்டுட்டு வாங்க. பஸ்ல போவோம்."

"நீ போ. நான் மடவள நானாவுக்கு ஃபோன் பண்ணிட்டு வாறேன்."

"இதுல ஏற மாட்டீங்கல்ல?"

"ஏற மாட்டேன்."

டிரைவர் ஹோர்ன் அடித்து அவசரப்படுத்தினார். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறினாள்.

ஃபோனில் ஒரு கோடு சிக்னல் இருந்தது. நான் சொல்லி முடிக்கும் முன்பே நானா கேட்டார்.

"பிரேக் லீவர் மாத்தினீங்களா?"

"ஆமா நானா."

"ஆட்டம் ஈக்கா? தொட்டா கொஞ்சம் சும்மா ஆடணும்."

"இல்ல நானா. முதல்ல இருந்தே இல்ல."

"சரி. பைக்ல ஏறாம அப்பிடியே நில்லுங்க. லொறி ஒண்டு எடுத்துட்டு வாறேன்."

ஒன்றரை மணி நேரம் அந்த ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். இருபத்தைந்து நிமிடம் போயிருக்கும், பைக்கிலிருந்து 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. எழுந்து போய் ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளினேன். சக்கரம் உருண்டது. சூடு ஆறியதும் பிரேக் தானாக விட்டிருந்தது. ஸ்டார்ட் செய்தேன், எஞ்சின் ஓடியது. எதுவும் நடக்காதது போல நின்றது பைக்.

அந்த நேரத்தில் எனக்கு வந்த யோசனையைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மெதுவாக, பின் பிரேக்கில் மட்டும், பன்வில வரை இறங்கிவிடலாம். நானாவுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வீட்டில், சின்ன அடைப்பு, சரியாகிவிட்டது என்று சொல்லலாம். பொய் தயாராக, அழகாக, வரிசையாக வந்து நின்றது. பைக்கின் மேல் ஒரு காலைக்கூடப் போட்டேன். சீட்டில் உட்கார்ந்ததும், அவள் மறைந்து போன அந்த வெள்ளை மிஸ்ட் கண்ணுக்கு முன்னால் வந்தது. இறங்கிச் சாவியை எடுத்தேன். கையில் வைத்திருந்தால் திரும்பவும் போடுவேனோ என்று பயந்து, அதைக் காற்சட்டைப் பைக்குள் ஆழமாகத் திணித்தேன்.

நானா வந்ததும் முதலில் லீவரைத்தான் கழற்றினார். அதன் பின்பக்கத்தில் பிரேக் பிஸ்டனைத் தள்ளும் சின்ன முனையை, அவர் கொண்டுவந்த பழைய லீவர் ஒன்றின் பக்கத்தில் வைத்துக் காட்டினார். புதியது கொஞ்சம் நீளம், வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

"நீங்க கைய எடுத்தாலும் இது எந்நேரமும் தள்ளிக்கிட்டே ஈக்கும். எண்ணெய் திரும்பிப் போக வழியில்ல. சூடாக சூடாக அதுவே பிடிக்கும். வேகமா வந்திருந்தா..." என்று நிறுத்திவிட்டார்.

எனக்கு அந்த இடத்திலேயே வாந்தி வந்தது. கால் மில்லிமீட்டர் பிசகினால் லென்ஸ் ஃபிரேமில் உட்காராது என்று தெரிந்து அதிலேயே வயிறு வளர்க்கிறவன் நான். இதை அளந்து பார்க்கத் தோன்றவில்லை. நானா தண்ணீர் போத்தலைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இப்ப இத போட்டுத் தாறேன், சரியா ஓடும். ஓட்டிட்டு வாறீங்களா, ஏத்துறதா?" என்று கேட்டார்.

"ஏத்துங்க நானா. எனக்கு ஏலாது. ஹந்தானையில விழுந்ததுல இருந்து ஏலாது."

வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் ஆச்சரியப்படவில்லை. "மீட்டர பாத்த அண்டைக்கே கேட்டிருக்கணும், நான்தான் உட்டுட்டேன்," என்றார். இருவருமாகப் பலகை போட்டு பைக்கை லொறியில் ஏற்றிக் கயிறு கட்டினோம்.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றாள். என்னைத் தொட்டுப் பார்த்தாள். தேத்தண்ணீர் ஊற்றி முன்னால் வைத்து உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்: ஓட்டோ இடித்த கதை, முழுக்கைச் சட்டை, பார்ட்ஸ், மீட்டர். தலை குனிந்துதான் சொன்னேன். அவள் மன்னிப்பாள் என்றோ, அழுவாள் என்றோ நினைத்தேன். அவளுக்குக் கோபம் வந்தது.

"அவ்வளவு பயத்த வச்சிக்கிட்டு என்னை எதுக்கு ஏத்துனீங்க?"

தேத்தண்ணீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"விழுந்தது பெரிசில்லங்க. யாரும் விழுறதுதான். பயப்படுறது தெரிஞ்சிருந்தா நான் ஏறியிருக்க மாட்டேன். எனக்குத் தெரியாமலே என்னையும் சேத்து அதுல வச்சி ஓட்டியிருக்கீங்க."

நாலைந்து நாள் தேவைக்கு மட்டும் பேசினாள். பைக்கை விற்கச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. ஆறாம் நாள் காலை சோற்றுப் பார்சலைக் கட்டிக்கொண்டே, "இனி பயமா இருந்தா இருக்குன்னு சொல்லுங்க. அவ்வளவுதான் கேக்கிறேன்," என்றாள்.

அப்படித்தான் இப்போது நடக்கிறது. நானா முழு பிரேக்கையும் பிரித்துக் கழுவி, கம்பெனி லீவரைப் போட்டு, என் விரலாலேயே அந்த ஆட்டத்தைத் தொட்டுப் பார்க்க வைத்தார். முதல் மூன்று வாரம் காலையில் வாசலில் நின்று, "இன்னைக்குப் பயமா இருக்கு," என்று சொன்னேன். "அப்ப பஸ்ல போங்க," என்பாள். போவேன். நாலாவது வாரம் ஒரு நாள், "இன்னைக்கும் இருக்கு, ஆனா போய்ப் பாக்கிறேன்," என்றேன். அவள் கேட்டைத் திறந்துவிட்டாள்.

மடவளை தாண்டி பொல்கொல்லைப் பாலத்துக்குத் திரும்பும் இடத்தில் தோள் இறுகியது. பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தார்கள். ஓரமாக ஒதுங்கி அவர்களைப் போகவிட்டேன். கடைக்குப் பின்னால் நிறுத்தியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையுறையைக் கழற்றி, ஃபோனில் அவளுக்கு "வந்துட்டேன்" என்று எழுதினேன். உடனே பதில் வந்தது: "பின்னேரம் மழை வந்தா பைக்க அங்கயே விட்டுட்டு வாங்க."

மழை வந்தது. விட்டுவிட்டு வந்தேன்.